சீட்டுக் காசு மட்டும் எப்படித் தவறுவதில்லை?

கொழும்பில் இருக்கும் தமிழருக்கு எதையும் புதிதாகத் தொடங்க நல்ல நாளுக்குப் பஞ்சமில்லை. ஜனவரி 1 கைநழுவினால் பின்னாலேயே தைப்பொங்கல் வருகிறது. அதுவும் போனால் சித்திரைப் புத்தாண்டு. கைவிசேடம் வாங்கிய கையோடு, “இந்த வருடம் விடிய எழும்பி நடக்கப்போகிறேன்” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிடலாம். பிறகு ஆடிப்பிறப்பு, விஜயதசமி, பிறந்தநாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத் தவணை தொடங்கும் நாள் என்று வரிசை நீளும். ஒன்றும் சரிவராவிட்டால் வரும் திங்கட்கிழமை இருக்கவே இருக்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ‘வரும் திங்கள்’ தொடங்கவிருந்த நடைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால், இந்நேரம் மாத்தறைக்கே போய்ச் சேர்ந்திருப்போம்.

இதே தொடர்மாடியில், இதே ஆட்கள், ஒரு விடயத்தில் மட்டும் தவறுவதே இல்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் சீட்டுப் பிடிக்கிறார். பன்னிரண்டு பேர். ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய். மாதம் ஒருவருக்கு முழுத் தொகை. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கட்டும், சம்பளம் பிந்தட்டும், ஊரில் செத்த வீடாக இருக்கட்டும், 5ஆம் திகதி இரவுக்குள் காசு அக்காவின் கைக்குப் போய்விடும். ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர்களில் பலர் வங்கியில் ஒரு ஆயிரம் ரூபாயைத் தொடாமல் வைத்திருக்க முடியாதவர்கள். சுயமுன்னேற்றப் பேச்சு எதையும் கேட்டுவிட்டு இவர்கள் சீட்டுக் கட்டுவதில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று தமக்குத் தாமே தைரியம் சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஏன் இது மட்டும் நடக்கிறது என்று பார்த்தால் காரணங்கள் மிகவும் சாதாரணமானவை. எந்த நாளில் என்று மாதாமாதம் நாம் தீர்மானிப்பதில்லை. அது முன்பே முடிவாகிவிட்டது. தொகை கொஞ்சம் கடிக்கும், ஆனால் முறிக்காது. இந்த மாதச் சீட்டை எடுப்பவர் மகளின் வகுப்புக் கட்டணத்துக்கோ அடகு மீட்கவோ அதை நம்பிக் காத்திருக்கிறார். கட்டாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இந்த நான்கும் இருக்கும் இடத்தில் மனவுறுதி என்ற பேச்சுக்கே வேலை இல்லை.

இதை நான் உட்கார்ந்து யோசித்தது 2021 இறுதியில் வந்த ஒரு இரத்தப் பரிசோதனை அறிக்கைக்குப் பிறகு. எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும். 5.7க்குக் கீழே என்றால் பயமில்லை. 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. எனக்கு 6.1. வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “அம்மா அப்பாவுக்கு இருக்கிறதா?” அம்மாவுக்கு இருக்கிறது. அப்பாவுக்கும் இருந்தது. “இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். நடவுங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள், ஆறு மாதத்தில் வாருங்கள்” என்றார். வெளியே காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

அந்த அறிவுரையில் பிழை எதுவும் இல்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்த எல்லையில் நிற்கும் 3,000க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்துப் பார்த்தது. உடல் எடையில் ஏறத்தாழ 7 வீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யும் இலக்கோடு பழக்கத்தை மாற்றியவர்களிடையே நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெட்ஃபோமின் மாத்திரை எடுத்தவர்களிடையே 31 வீதம். நடையும் சாப்பாடும் மாத்திரையை வென்ற கதை அது. ஆனால் அந்த ஆய்வில் பழக்கத்தை மாற்றியவர்களுக்கு ஆளுக்கொரு பயிற்சியாளர் இருந்தார், அடிக்கடி சந்தித்தார், எடையைக் கேட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கும் ஒரு சீட்டு அக்கா இருந்திருக்கிறார்!

ஆகவே நடையைச் சீட்டாக மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்காக யார் காத்திருப்பார்?

நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில். நாங்கள் எல்லாரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மழை இல்லாத நாளெல்லாம் கடலோர வீதியான மரைன் டிரைவில் நடப்பவர். நானும் வரட்டுமா என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. “வா பிள்ளை. ஆனால் நான் கதவில் தட்ட மாட்டேன். தொலைபேசியும் எடுக்க மாட்டேன். 5.50க்குக் கீழே நிற்பேன். 5.55க்குப் புறப்பட்டுவிடுவேன்” என்றார்.

அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது. வயதான ஒருவர், வெள்ளைத் துணிச் சப்பாத்து, கையில் மடித்த குடை, காவலாளியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார் என்ற நினைப்பு படுக்கையில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு நித்திரை ஏது? அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். ரீச்சரை நிறுத்த முடியாது. போகாத நாளுக்கு அடுத்த நாள் அவர் ஏசவும் மாட்டார். “நேற்று ஆளைக் காணவில்லை” என்று ஒரு வசனம் மட்டும். காரணம் சொல்லத் தொடங்கினால் கடலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கொழும்பில் நடக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாங்கள் கவனிப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதித்துவிடுகிறது. குளிர்காலம் வந்தது, விடியப் பிந்துகிறது என்று நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஜூனில் சரிவந்த நேரம் டிசம்பரிலும் சரிவரும். காலை 7 மணிக்குப் பிறகு வெயில் சுடத் தொடங்கும், காலி வீதியின் புகையும் சத்தமும் ஒழுங்கைகள் வழியே கடற்கரை வரைக்கும் வரும். மாலை நடையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அலுவலகம் முடிந்து 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கி வந்து இறங்குகிற மனிதருக்கு நடப்பதற்கான உடம்பும் இருக்காது, மனமும் இருக்காது.

மழைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே மழை சொல்லிவிட்டு வருவதில்லை. பீட்டர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில், ‘நான் உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொதுவாக நினைப்பதைவிட, ‘இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது கூடுதல் என்று ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். எங்கள் வசனம் இதுதான்: 5.50க்கு மழை பெய்தால் படிக்கட்டு. எங்கள் கட்டடம் ஆறு மாடி. ரீச்சருக்கு முழங்கால் நோவு, படி ஏற மாட்டார். கீழே வாகனத் தரிப்பிடத்தில் கார்களுக்கு இடையில் சுற்றிச் சுற்றி நடப்பார். நான் மேலே ஏறி இறங்கி ஒவ்வொரு முறையும் அவரைக் கடப்பேன். “எத்தனையாவது?” என்று கேட்பார். கணித ஆசிரியைக்கு எண்ணிக்கை வேண்டும். மழை நாளில் என்ன செய்வது என்று மழை நாளில் யோசித்தால், யோசனை எப்போதும் போர்வைக்குள்தான் முடியும்.

இனி, இந்த வகைப் பேச்சுகளில் எவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். அதிகாலை 4 மணிக்கு எழுந்து தியானம், உடற்பயிற்சி, வாசிப்பு என்று இரண்டு மணி நேரம் தனக்கென்று செலவழிக்கும் வெற்றியாளர்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் தேங்காய் திருவியது யார்?

எங்கள் வீட்டில் 5.45 முதல் 6.30 வரை குசினியின் உச்ச நேரம். மாமிக்குத் தேநீர், அதற்கு முன் அவருடைய தைரொயிட் மாத்திரை, மகனுக்குப் பாடசாலைக்குச் சாப்பாடு, கணவருக்கும் எனக்கும் மதியச் சாப்பாடு. நான் கீழே போக வேண்டுமென்றால் மேலே யாராவது இருக்க வேண்டும். இவரிடம் சொன்னேன். “இரவே எல்லாவற்றையும் செய்து வைத்துவிடலாமே?” என்றார். யார் செய்து வைப்பது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

பல நாள் பேசி ஒரு ஒழுங்குக்கு வந்தோம். வாரத்தில் மூன்று நாள் பாணும் பருப்பும், அது அவர் பொறுப்பு. மற்ற நாள்களுக்குக் கடலையோ பயறோ இரவே ஊறும், ஊறப்போடுவது நான், அவிப்பது அவர். மகன் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கட்ட வேண்டும், தண்ணீர்ப் போத்தலையும் தானே நிரப்ப வேண்டும். மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “என் பிள்ளையைக் குசினிக்குள் விட்டுவிட்டு எங்கே போகிறாய்?” என்று கதவடியில் வைத்தே கேட்டார். “உங்கள் பிள்ளைக்கு நீரிழிவு மனைவியைப் பார்க்கும் செலவு மிச்சம், மாமி” என்றேன். முதல் வாரங்களில் பருப்பு ஒரு நாள் உப்பாகவும் மறுநாள் உப்பே இல்லாமலும் வந்தது. இப்போது மாமி தன் மாத்திரையைத் தன் மகன் கையால்தான் வாங்குகிறார். நான் கொடுத்தால் நேரம் முன்னே பின்னே ஆகிறதாம்.

நான் விடிய எழுந்து நடக்கிறேன் என்று அலுவலகத்தில் என்னை மெச்சுகிறார்கள். பருப்பு அவித்தவரை யாரும் மெச்சவில்லை. ஒரு வீட்டில் ஒருவருடைய ஒழுக்கம் பெரும்பாலும் இன்னொருவருடைய வேலையின் மேல்தான் நிற்கிறது. உங்கள் பழக்கத்தைத் தொடங்குவதற்கு முன் அது யாருடைய நேரத்தைத் தின்னும் என்று கணக்குப் பார்த்து, அவரோடு பேசி முடித்துவிடுங்கள். பேசாமல் தொடங்கினால் மூன்றாவது வாரம் சண்டை வரும், சண்டையைச் சாட்டி நடையும் நின்றுவிடும்.

சீனி விடயம் வேறு மாதிரி. அங்கே சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, விடத்தான் வேண்டும். நான் நாளுக்கு ஐந்து தேநீர் குடிக்கும் ஆள். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம் என்றால் தேநீரில் மட்டும் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவில் சேர்க்கும் சீனியை ஒரு நாளைய சக்தியின் 5 வீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. ரோல்ஸும் பிஸ்கட்டும் கணக்கில் சேர்வதற்கு முன்னமே நான் எல்லையைத் தாண்டியிருந்தேன்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு வேடிக்கையான ஆய்வு. வெண்டி வூட் என்பவரும் சகாக்களும் 2011இல் வெளியிட்டது. திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய சோளப்பொரி, சிலருக்கு ஒரு வாரம் பழசான, நமுத்துப்போன பொரி. படம் பார்க்கும்போது பொரி தின்றே பழகியவர்கள், பழசையும் புதியது அளவுக்கே தின்றுவிட்டார்கள். ருசி இல்லை என்று அவர்களே சொன்னார்கள், ஆனால் கை நிற்கவில்லை. வேறொரு அறையில் வைத்துக் கொடுத்தபோதும், பழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோதும் பழசைக் குறைவாகத்தான் தின்றார்கள்.

இதை வாசித்த பிறகு அலுவலகத்தில் 10 மணிக்கு வரும் சோர்ட் ஈட்ஸ் தட்டை வேறு கண்ணால் பார்த்தேன். பசித்தா அந்தக் கட்லட்டை எடுக்கிறேன்? தட்டு என் மேசைக்குப் பக்கத்து அலுமாரியின் மேல்தான் வைக்கப்படும். ஒன்று எடுத்துக்கொண்டே கணினியைப் பார்ப்பேன். என்ன தின்றேன் என்பது விரலில் இருக்கும் எண்ணெயைப் பார்த்தால்தான் தெரியும். என் வாயோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, தட்டை மற்றக் கோடியில் இருக்கும் சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னேன். எழுந்து போய் எடுக்க எவருக்கும் தடையில்லை. எழுந்து போவதற்கு எனக்குத்தான் பஞ்சி. சோம்பலை இப்படியும் வேலை வாங்கலாம். வீட்டில் சீனிப் போத்தலைத் தேயிலைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, மேல் அலுமாரியில் அரிசிமாவுக்குப் பின்னால் வைத்தேன். விருந்தினர் வந்தால் முக்காலி போட்டு எடுப்பேன். இரண்டு கரண்டியை ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி, ஒரு கட்டத்தில் முக்காலி ஏறுவதை நிறுத்தினேன்.

வெளியே தேநீர்க் கடையில் பிரச்சினை இல்லை. “சீனி எப்பா” என்று சிங்களத்தில் ஒரு சொல்லோடு பிளேன்டீ வந்துவிடும். உறவினர் வீடுகள்தான் சோதனை. கோப்பை கைக்கு வந்த பிறகு “சீனி வேண்டாம்” என்றால் போட்டவர் முகம் வாடும், திரும்பவும் தண்ணீர் கொதிக்க வைப்பார், எங்களுக்கும் சங்கடம். ஆகவே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அக்கா, எனக்குச் சீனி போடாத தேத்தண்ணீர்” என்று சொல்லிவிடுவேன். கேட்கப்படுவதற்கு முன்பே கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியலாம். அனுபவத்தில், அவர்களுக்கும் அதுதான் சுகம். “உனக்கும் வந்துவிட்டதா?” என்று தொடங்கி அரை மணி நேரம் நீரிழிவைப் பற்றிப் பேசுவார்கள் என்பது வேறு.

காலையில் எழுவது முதல் நாள் இரவில் தீர்மானமாகிறது. இதை எல்லாரும் சொல்வார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களில் அந்த இரவைக் கெடுப்பது எது என்று யாரும் சொல்வதில்லை. அண்ணா ரொறொன்ரோவில். சின்னம்மா மகள் லண்டனில். இங்கே இரவு 10.30 என்றால் கோடையில் ரொறொன்ரோவில் பகல் 1 மணி, லண்டனில் மாலை 6. அவருடைய மதிய இடைவேளையும் அவளுடைய வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் சேர்ந்து என் படுக்கை நேரத்தில் வந்து விழும். பாசத்தோடு வரும் அழைப்பை எப்படி வெட்டுவது? அண்ணாவிடம் நேராகச் சொன்னேன்: “ஞாயிறு காலை 7 மணிக்கு நான் எடுக்கிறேன். உங்களுக்குச் சனி இரவு 9.30, சாப்பிட்டு முடித்திருப்பீர்கள்.” குளிர்காலத்தில் அங்கே மணிக்கூட்டை மாற்றினால் அது 8.30. முன்பு நித்திரைக் கண்ணோடு ‘ம்’ கொட்டிக்கொண்டு பேசினேன். இப்போது அம்மாவையும் பக்கத்தில் இருத்திவைத்து ஆறுதலாகப் பேசுகிறோம். கைத்தொலைபேசி இரவு 10 மணிக்கு விறாந்தை மேசையில் மின்னேற்றத்துக்குப் போய்விடும். எழுப்புவதற்குப் புறக்கோட்டையில் வாங்கிய மேசை மணிக்கூடு இருக்கிறது; அதன் சத்தம் மாமியையும் எழுப்பிவிடுகிறது என்பதுதான் ஒரே குறை.

இத்தனை ஏற்பாடும் 2022 பொருளாதார நெருக்கடியில் ஆடிப்போனது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை. எங்கள் வலயத்துக்கு எப்போது மின்சாரம் வரும் என்ற அட்டவணையைப் பார்த்துச் சமைத்தோம். இவர் விடியற்காலையில் பெற்றோல் வரிசையில் நின்றார், ஆகவே நான் வீட்டில் நின்றேன். லிஃப்ட் ஓடாததால் ரீச்சர் நாலாம் மாடியை விட்டு இறங்கவே இல்லை. நடை பல வாரம் நின்றது. சீனி இல்லாத தேநீர் மட்டும் அசையவில்லை. ஏனென்றால் அது நேரத்தையோ இன்னொரு ஆளையோ சார்ந்திருக்கவில்லை. தேநீர் போடுகிற செயலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பழக்கங்களில் சிலது ஊர் அமைதியாக இருந்தால்தான் நிலைக்கும், சிலது எதிலும் நிலைக்கும். இரண்டு வகையும் கையில் இருப்பது நல்லது.

நின்றுபோன நடையைத் திரும்பத் தொடங்கும்போதுதான் மனம் தன் வேலையைக் காட்டியது. எங்கள் வளர்ப்பில் திருத்துவது என்றால் ஏசுவதுதான். பிழை விட்டால் குட்டு, திரும்ப விட்டால் இரண்டு குட்டு. வளர்ந்த பிறகு குட்ட ஆளில்லாததால் நாங்களே குட்டிக்கொள்கிறோம். சோம்பேறி, ஒன்றையும் தொடர்ந்து செய்யத் தெரியாதவள், அப்பாவைப் போலவே வருத்தக்காரியாகத்தான் முடியப்போகிறாய். இப்படி ஏசினால் ரோசம் வந்து எழும்புவோம் என்று நம்புகிறோம். கனடாவின் கார்ல்ரன் பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தம்மை மன்னித்தவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். ஏச்சு வாங்கிய மனம் அந்த வேலையின் பக்கமே போக விரும்பாது. குட்டு வாங்கிய வகுப்பறைக்குள் விருப்பத்தோடு போன பிள்ளை எது?

21 நாளில் பழக்கம் உருவாகிவிடும் என்பதும் இந்தக் குட்டுக்குத்தான் உதவுகிறது. மக்ஸ்வெல் மோல்ற்ஸ் என்ற பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் எடுப்பதாக 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்பது காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிற்றி கொலேஜில் பிலிப்பா லலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக நடக்கத் தொடங்க எடுக்கும் காலம் நடுவளவில் 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்றும் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படியும், உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். இடையில் ஒரு நாள் தவறுவது அந்த வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. 22ஆம் நாள் எழும்பக் கஷ்டமாக இருக்கிறதே, என்னில் ஏதோ குறை என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ.

சீட்டோடு ஒப்பிட்டதை இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். சீட்டில் பாதிக் காசு கட்ட முடியாது. நடையில் பாதி கட்டலாம். உடம்பு சரியில்லாத நாளில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, ரீச்சருக்கு முகத்தைக் காட்டி, ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பி வருவேன். உடற்பயிற்சியாக அது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் படியில் இறங்கும் பழக்கம் அறுபடாது.

கணக்குப் பார்க்கப் போயா தினம். முழுநிலா நாள்தோறும் இந்த நாட்டில் விடுமுறை; இறைச்சிக் கடை, மதுக்கடை பூட்டு; காலி வீதியில்கூட வாகனம் குறைவு. மாதம் ஒரு முறை அமைதியாக உட்கார இதைவிட நல்ல நாள் வேறில்லை. மகன் மிச்சம் விட்ட சி.ஆர். கொப்பி ஒன்றில், அந்த மாதம் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு எது குறுக்கே வந்தது என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்திதான் முக்கியம். அதில் ‘சோம்பல்’ என்று எழுதுவதில்லை என்பது எனக்கு நானே போட்ட சட்டம். அப்படி எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ‘வியாழன் இரவு கல்யாண வீடு, 12 மணிக்குப் படுத்தேன்’ என்று எழுதினால் தெரியும். இரவுக் கல்யாணத்துக்கு மறுநாள் படிக்கட்டும் இல்லை, நடையும் இல்லை என்பது அந்தக் கொப்பியில் பிறந்த தீர்மானம். காலைத் தியானத்தையும் அதே கொப்பியைப் பார்த்துத்தான் கைவிட்டேன். மாதக்கணக்கில் முதல் பத்திக்கு அது வரவே இல்லை, இரண்டாவதிலேயே குடியிருந்தது. எல்லா நல்ல பழக்கமும் எல்லாருக்கும் வேண்டும் என்பதில்லை.

கடைசிப் பரிசோதனையில் 5.8. வைத்தியருக்குத் திருப்தி. எனக்கு 5.6 வேண்டும். இரவுச் சாப்பாட்டில் புட்டின் அளவைக் குறைக்க இன்னும் ஒரு வழி அகப்படவில்லை. மாமி அவிக்கும் புட்டு அது, அவரே போட்டும் தருவார், வேண்டாம் என்பதற்குள் சொதியும் விழுந்திருக்கும்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். ரீச்சரின் மகளுக்கு ரொறொன்ரோவில் குழந்தை பிறக்கப்போகிறது. ஆறு மாதத்துக்கு அவர் இங்கே இருக்க மாட்டார். நான் தனியாகவே போவேன் என்று சொல்லிப் பார்த்தேன். “போக மாட்டாய்” என்றார் ரீச்சர், கடலைப் பார்த்துக்கொண்டே. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முதலாம் மாடியில் மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருவர், பிள்ளை பிறந்த பிறகு கூடிய எடையைக் குறைக்க வழி தேடுகிறார். அவரிடம் பேசினேன். நான் கதவில் தட்ட மாட்டேன், 5.55 வரைதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் குழந்தையை யார் பார்ப்பது என்பதைக் கணவரோடு பேசி முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.